ஓரத்தில் தெரியும் பக்கத்து அட்டை

என் அக்காவின் கணவர் பிரான்ஸில் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷனை இன்றுவரை ‘ரெத்ரேத்’ என்றுதான் சொல்வார். கோவில்பத்தில் வீடு கட்டிக்கொண்டு இருவரும் திரும்பி வந்து நான்கு வருடமாகிறது. வாழ்நாள் முழுக்கக் கடிதங்களை அதனதன் குழியில் போட்டுப் பழகிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. முதல் ஆறு மாதம் அக்காவின் மளிகை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பெருங்காயத்தைத் தேடியே ஒரு காலைப்பொழுது போன அன்று, “இனிமே அடுக்களப் பக்கம் வராதீங்க” என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவர் தன் தகரப் பெட்டியைத் திறந்தார்.

பெட்டிக்குள் இருந்தவை, அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழைய சாமான் சந்தைகளில் அவர் வாங்கிச் சேர்த்த சின்னச் சின்னப் பட அட்டைகள். ஒரு காலத்தில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகி, அதில் படமும் போட்டு விற்றிருக்கிறார்கள். கப்பல், பறவை, கொடி என்று பலதும் இருந்தன. பத்துப் பதினைந்து மட்டும் அமெரிக்காவில் அச்சடித்தவை. முன்பக்கம் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் வண்ணப்படம், அடியில் அவர் பெயர், பின்பக்கம் புகையிலை விளம்பரம். நூறு வருடம் தாண்டியவை. அத்தான் ஒரு பேஸ்பால் ஆட்டத்தையும் பார்த்தவரில்லை. எதற்கு இவற்றை வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, “மீச நல்லாருந்துச்சு” என்றார். நான் பார்த்தவரையில் அந்த அட்டைகளில் ஒருவருக்கும் மீசை இல்லை.

நான் காரைக்காலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, கடைத் திறப்பு, முப்பதாம் நாள் திருப்பலி என்று ஊரில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் என் திரையைத் தாண்டித்தான் போகும். ஒருநாள் மத்தியானம் அத்தான் இரண்டு விரலுக்கு நடுவில் ஓர் அட்டையைப் பிடித்தபடி வந்தார்.

“இந்த மேல் ஓரத்த கட்டிங் மெஷின்ல லேசா சீவிக் குடும்மா. வெட்டுனவன் ஒழுங்கா வெட்டல.”

வாங்கிப் பார்த்தேன். படம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மேல் ஓரத்தில் வெள்ளைப் பட்டையில் ஒரு பெயர், அடியில் பாதி வெட்டுப்பட்டு இன்னொரு பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டும் ஒரே பெயர்.

“அத்தான், இத சீவ வேண்டாம். இந்தாளு தலைக்கு மேல இன்னொரு தடவ இவரேதான் இருந்திருக்காரு.”

“அதெப்படி?”

நான் அன்று போட்டுக்கொண்டிருந்த விசிட்டிங் கார்டைத் திரையில் காட்டினேன். ஒரே அட்டை பெரிய ஷீட்டில் மேலும் கீழுமாக வரிசையாக நின்றது. அட்டைகளைத் தனித்தனியாக யாரும் அச்சடிப்பதில்லை, பெரிய ஷீட்டில் நிறைய அடித்துப் பிறகு வெட்டுவார்கள், கத்தி இறங்குகிற இடம் கொஞ்சம் தள்ளிப்போனால் மேலே உள்ள அட்டையின் அடி கீழே உள்ள அட்டையின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். முப்பது வருடம் பிரிக்கிற வேலை பார்த்த மனிதருக்குப் பிரிப்பதற்கு முன்னால் எல்லாம் சேர்ந்து இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது போலிருந்தது.

“அப்ப இவனுக்குப் பக்கத்துல யாரு இருந்தா?”

“யாருக்குத் தெரியும். முழு ஷீட்டு கெடச்சா பாக்கலாம்.”

சாதாரணமாகத்தான் சொன்னேன். அடுத்த எட்டு மாதத்துக்கு அந்த வார்த்தை என்னை விடவில்லை.

இரண்டே நாளில் அத்தான் இணையத்தில் இந்த அட்டைப் பைத்தியங்களின் குழு ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டார். அவருக்கு பிரெஞ்சு வருகிற அளவுக்கு ஆங்கிலம் வராது. பிரெஞ்சில் சொல்லி, போனை ஆங்கிலமாக்க விட்டு அனுப்புவார். அங்கிருந்து வந்த செய்தி அவரை இன்னும் கிளப்பிவிட்டது. அந்த அட்டைகளின் வெட்டாத முழு ஷீட் ஒன்றுகூட இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லையாம். குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை, யாருக்குப் பக்கத்தில் யார் என்று இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். கோணலாக வெட்டுப்பட்ட அட்டைகள்தான் அவர்களுக்குச் சாட்சி. பக்கவாட்டில் தள்ளி வெட்டுப்பட்டிருந்தால் பக்கத்து அட்டையின் நிறம் ஒரு நூல் அளவுக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மை காயாத ஷீட்டின் மேல் இன்னொரு ஷீட்டை அடுக்கியிருந்தால் பின்பக்கத்தில் ஓர் ஆள் ஆவி மாதிரி தெரிவார்.

பின்பக்கத்தில் கீறலும் உண்டு. அச்சடித்த தகட்டில் எப்போதோ விழுந்த கீறல் எல்லா ஷீட்டிலும் அதே இடத்தில் மெல்லிய கோடாக விழுந்திருக்கிறது. வெட்டும்போது அந்தக் கோடும் துண்டு துண்டாகிவிட்டது. ஓர் அட்டையில் முடிகிற கோடு எந்த அட்டையில் தொடர்கிறதோ அது பக்கத்து வீடு. குழுவில் ஆளாளுக்குத் தங்களிடம் இருக்கும் கீறல் அட்டைகளின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போட, அத்தான் அவற்றை அச்சகத்துக்கு அனுப்பி என்னிடம் பிரிண்ட் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார்.

நான் போனபோது அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோஃபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஃபேன் போடாதடி, பறந்துரும். மேசயில கையும் வக்காத. ஊருல ஆம்பளைங்க ரிட்டயர் ஆனா கோயில் கமிட்டி, சீட்டாட்டம்னு போவாங்க. இவரு செத்துப்போன வெள்ளக்காரனுக்கெல்லாம் வீடு பாத்துக் குடி வச்சுட்டிருக்காரு.”

“கேலி பண்ணுங்க,” என்றார் அத்தான் தலை நிமிராமல். “ஒரு எடத்துல இடிக்கிது. கோடு சரியா சேருது. ஆனா முன்பக்கம் திருப்புனா நெறம் சேரல. இவன் வலது ஓரத்துல ஆரஞ்சு இருக்கு. பக்கத்துல நிக்கிறவன் படம் நீலம். மூணு வாரமா பாக்குறேன்.”

குனிந்து பார்த்தேன். பின்பக்கங்களைக் கீறல் பார்த்து அழகாகச் சேர்த்திருந்தார். அதற்குக் கீழே அதே வரிசையில் முன்பக்கப் படங்களை அடுக்கியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக் காலண்டரில் பழைய மாதத்துத் தாளைக் கிழித்து, முன்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நேர் பின்னால் அதே எண்ணை எழுதி, தாளைத் திருப்பிக் காட்டினேன். மூன்று, இரண்டு, ஒன்று.

“ஷீட்ட திருப்புனா இடது வலதாயிடும் அத்தான். நீங்க ஒவ்வொருத்தரயும் நின்ன எடத்துலயே திருப்பிட்டீங்க. தெருவே தலகீழா நிக்கிது.”

அவர் அந்தத் தாளை முன்னும் பின்னும் நாலு தடவை திருப்பினார். பிறகு முன்பக்கங்களை வலமிருந்து இடமாக மாற்றினார். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வந்து நின்றது.

“வொலா,” என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்.

“மூணு வாரம்,” என்றாள் அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டு. “கொழுந்தியாள மொதல்லயே கேட்டிருந்தா மூணு நிமிஷம். எனக்கும் மேசையில சோறு கெடச்சிருக்கும்.”

அன்றிலிருந்து நான் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் மூன்று வாரம் வெள்ளைக்காரத் தெருவைத் தலைகீழாகக் கட்டிய கதையைச் சொல்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “சொல்லு, சொல்லு, எனக்கும் ஒருநாள் வரும்” என்பார்.

அந்த நாள் வைகாசியில் வந்தது.

முகூர்த்தம் நெருக்கமாக இருந்த மாதம். பூவத்திலிருந்து ஒரு குடும்பம் எண்ணூறு கல்யாண அட்டைக்குச் சொல்லியிருந்தது. உறைக்குள் செருகுகிற ஒற்றை அட்டை. எங்கள் ஷீட்டில் அந்த அளவுக்கு மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது அட்டை உட்காரும். எண்ணூறை எட்டெட்டாக அடித்தால் நூறு ஷீட்டில் முடிந்துவிடும், ஷீட்டுக்கு ஒரு இடம் காலியாக நிற்கும். அதே அளவில், அதே தாளில் முப்பதாம் நாள் அட்டை நூறு, நகரத்தில் ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது. காலி இடத்தில் அதைப் போட்டேன். மேல் வரிசையில் நடு இடம். தாள் வீணாகாத சந்தோஷத்தில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கடைசி நேரத்தில் முப்பதாம் நாள் வீட்டு அம்மா போன் பண்ணி, பேரப்பிள்ளைகள் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். அடியில் இருந்த ‘துயருறும் குடும்பத்தினர்’ இன்னும் கீழே இறங்கி விளிம்பை ஒட்டி நின்றது.

எங்கள் கட்டிங் மெஷினில் வேலை பார்ப்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணன். நூறு ஷீட்டை ஐம்பது ஐம்பதாக வைத்து வெட்டி, முப்பதாம் நாள் அட்டைகளை அந்த வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். கல்யாண அட்டைகள் கட்டுக் கட்டாகக் கவுண்டரில் இருந்தன. நாலு மணிக்கு அத்தான் ஏதோ புதுக் கீறலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் போனில் பேசிக்கொண்டிருந்ததால், மேலே இருந்த கட்டைத் தளர்த்தி ஓர் அட்டையை உருவிப் பார்த்தார். இப்போதெல்லாம் அவர் எந்த அட்டையிலும் நடுவைப் பார்ப்பதில்லை. ஓரத்தைத்தான் பார்ப்பார். திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஏம்மா, இந்தக் கல்யாணத்துக்கு மேல யாரு இருந்தா?”

“மேலயா? பிள்ளையார் படந்தான்.”

“பிள்ளையாருக்கும் மேல.”

வாங்கிப் பார்த்தேன். அட்டையின் உச்சியில், பொடி எழுத்தில், ‘துயருறும் குடும்பத்தினர்’ என்று இருந்தது. அதற்குக் கீழே பிள்ளையார். அவருக்குக் கீழே ‘திருமண அழைப்பிதழ்’.

போனில் யார் இருந்தார்கள் என்பதுகூட மறந்து போனை வைத்துவிட்டேன். கட்டிங் அண்ணன் எட்டிப் பார்த்து, “ரெண்டாவது தடவ வைக்கிறப்ப சரியா தட்டி வைக்கல போலருக்கு” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

அத்தான் மட்டும் புதையல் கண்டவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பதறாத. மேல் நடுவுலதான் அந்தக் காரிய அட்ட. அப்ப அதுக்கு நேர் கீழ உள்ள எடம் மட்டுந்தான் மாட்டும். மத்ததுக்கு மேல இருந்ததும் கல்யாணந்தான், அதுல அடியில வெறும் எடம், ஒண்ணும் தெரியாது. தம்பி ஒரு தடவைக்கு எத்தன ஷீட்டு வைப்பாரு?”

“அம்பது.”

“ஒரு தடவதானே நகந்துச்சு? அப்ப அம்பது பேருக்குத்தான் துயரம்.” கொஞ்சம் யோசித்தார். “இன்னொண்ணும் இருக்கு. அந்த வரி இங்க வந்துட்டா, அங்க இருக்காதுல்ல? முப்பதாம் நாள் அட்டையில பாதிப் பேருக்குத் துயரமே இல்லாம போயிருச்சும்மா.”

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் சரி. மூன்று பேரும் எண்ணூறு அட்டையையும் ஓரம் பார்த்துத் தள்ளினோம். மாட்டியவை நாற்பத்தொன்பது. மறுபடி பார்த்தோம். நாற்பத்தொன்பதுதான்.

“அம்பது இருக்கணும்,” என்றார் அத்தான்.

கட்டிங் அண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. “மத்தியானம் பொண்ணே வந்துச்சு. சாமிகிட்ட வைக்க ஒண்ணு குடுங்கன்னுச்சு. மேலாப்புல இருந்தத எடுத்துக் குடுத்தேன்.”

எண்ணூறில் முதலில் வெளியே போன அட்டை அது. மஞ்சள் தடவிக் குலதெய்வத்துக்கு வைக்கிற அட்டை.

அத்தானை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பூவத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பின்னால் இருந்து அவர், “அந்தப் புள்ள கவனிச்சிருக்காதும்மா. எல்லாரும் நடுவத்தான் பாப்பாங்க” என்று ஆறுதல் சொன்னார். கல்யாண வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணே வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பவள். என்னையும் ஹெல்மெட் தலையோடு நின்ற அத்தானையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“பஸ்ஸுலயே பாத்துட்டேங்க,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “அம்மா பாத்தா கல்யாணத்தையே தள்ளி வச்சிரும். அதனால வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே மேல கத்திரிச்சுட்டேன். மஞ்ச தடவி சாமி மாடத்துல வச்சாச்சு. பிள்ளையாருக்குத் தலை மேல எடம் கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்.”

“மன்னிச்சுக்கம்மா,” என்றேன்.

“கத்திரிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து மாப்பிளைக்கு அனுப்பினேன். எங்க வீட்டுலயும் அததான் சொல்றாங்கன்னு பதில் போட்டாரு.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கும் மூச்சு வந்தது. கொல்லையை ஒட்டிய குளத்துப் பக்கம் திரும்பி நின்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அத்தான் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “கத்திரிச்ச துண்டு இருக்காங்க?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அவள் போன் உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பர்ஸில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். “அம்பது,” என்றார் நிம்மதியாக.

மறுநாள் அந்த ஐம்பது கல்யாண அட்டையையும் புதிதாக அடித்துக் கொடுத்தோம். முப்பதாம் நாள் அட்டைகளையும் புதிதாக அடித்து எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நானே போனேன். அந்த அம்மா இறந்தவரின் மனைவி. நான் நடந்ததைச் சொல்லி, கடைசி வரி இல்லாத அட்டையையும் இருக்கிற அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கல்யாண அட்டையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் பார்த்தார்.

“ரெண்டுலயும் பேரப்புள்ளைங்க பேரு இருக்குல்ல?”

“இருக்கும்மா.”

“அப்ப சரி. துயரம் நமக்குத் தெரியாததா, அத போட்டாத்தானா?” என்றவர், விரலை ஓர் இடத்தில் வைத்தார். “ஆனா சின்னவனுக்கு இனிஷியல தப்பாப் போட்டிருக்கம்மா. அவன் மக வயித்துப் பேரன்.”

அது என் தப்பு. கத்திமேல் பழி போட முடியாது. மூன்றாவது தடவையாக அடித்துக் கொடுத்தேன்.

இதற்குள் அத்தான் எங்கள் ஷீட்டின் கதையைப் படம் வரைந்து குழுவில் போட்டுவிட்டார். ஒன்பது கட்டம், மேல் நடுவில் கறுப்பு, அதற்கு நேர் கீழே சிவப்பு வட்டம், பக்கத்தில் அந்தப் பொடித் துண்டின் போட்டோ. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்றும் விளக்கியிருந்தார். எங்கோ இருக்கிற பத்துப் பதினைந்து பேர் பாராட்டியிருந்தார்கள். ஒருவர் மட்டும், அதன் வெட்டாத ஷீட் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டிருந்தார். அத்தான் அந்தக் கேள்வியோடு நேராக அச்சகத்துக்கு வந்தார்.

முதலில் சரிபார்க்க அடித்த ஷீட் ஒன்று வெட்டாமல் இருந்தது எனக்கு நினைவிருந்தது. என் மேசைக்கடியில் தேடினேன். கழிவுத் தாள் மூட்டையைக் கொட்டிப் பார்த்தோம். அத்தான் தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். பழக்கமான கை, வேகமாகப் பிரித்தது. இல்லை.

கட்டிங் அண்ணன் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். “என்ன தேடுறீங்க?” என்று கேட்டு, நாங்கள் சொன்னதும் கொஞ்சம் தயங்கி, மெஷினுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலைக் காட்டினார். அதன்மேல் இரண்டாக மடித்து விரித்திருந்தது அந்த ஷீட். அதில் மூன்று நாளாக வாழைக்காய் பஜ்ஜி வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நானும் அதிலிருந்துதான் எடுத்துத் தின்றிருக்கிறேன். நடுக்கட்டத்தில் பிள்ளையார் எண்ணெயில் ஊறி, பின்பக்கம் வரைக்கும் தெரிந்தார்.

“கெட்டித் தாளு, எண்ண எறங்காதுன்னு எடுத்தேன்,” என்றார் அண்ணன்.

அத்தான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிர்பார்த்த அளவுக்கு வருத்தப்படவில்லை.

“அமெரிக்காவுல அந்த ஷீட்டும் இப்படித்தான் ஆயிருக்கும்மா,” என்றார். “எவனாவது ரொட்டி வச்சுத் தின்னுருப்பான்.”

பிறகு அதைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கைக்குள் வைத்துக்கொண்டு கோவில்பத்து பஸ்ஸைப் பிடிக்கப் போனார். சாயங்காலம் அக்கா எனக்குப் போன் பண்ணினாள். வீடு முழுக்க பஜ்ஜி வாசனை அடிக்கிறது, ஆனால் சாப்பிட ஒன்றும் இல்லை, இது என்ன புதுக்கதை என்று கேட்டாள்.